மழை மாதங்களில் ஒரு தேனிலவு: செரங்கெட்டிப் புல்வெளியும் சான்சிபார் கடலும்

கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் வனவிலங்குகளும் பவளக் கடலும் ஒரே பயணத்துக்குள் அடங்கிவிடும். வடக்கே செரங்கெட்டிப் புல்வெளி, கிழக்கே இந்தியப் பெருங்கடலில் சான்சிபார் தீவு. நடுவில் சிறிய விமானத்தில் சில மணி நேரம்தான். முதல் பாதியில் விடியலுக்கு முன் எழுந்து சிங்கத்தைத் தேடுவது, இரண்டாம் பாதியில் கடற்கரையில் ஓய்வது என்ற இந்த அமைப்பு தேனிலவுக்கு அழகாகப் பொருந்துகிறது. திருமண வேலைகளில் களைத்துப்போன இருவருக்கு முதலில் பேசித் தீராத காட்சிகள் வேண்டும், பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க இடம் வேண்டும்.

உலகத்தின் பெருங்கூட்டம் இங்கே வருவது ஜூலை முதல் அக்டோபர் வரையிலும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையிலும். அப்போது வானம் தெளிவாக இருக்கும், விலங்குகள் நீர்நிலைகளைச் சுற்றித் திரளும். வாகனங்களும் அப்படியே திரளும். மற்ற மாதங்கள் சீசன் இல்லாத மாதங்கள். புல் பச்சையாக இருப்பதால் சஃபாரித் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பசுமைப் பருவம் என்கிறார்கள். வாடகை குறைவது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வரவு தனிமை. ஒரு மரத்தடியில் படுத்திருக்கும் சிறுத்தையை வேறு வண்டி எதுவும் இல்லாமல் இருவர் மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும். இந்தத் தனிமை முழுதாகக் கிடைக்க, மழையின் கணக்கை அறிந்து நாள் குறிக்க வேண்டும்.

மழையின் நாட்காட்டி

நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் வட தான்சானியாவுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். நவம்பரிலும் டிசம்பரின் முதல் பாதியிலும் பெய்யும் சிறுமழைக்கு அங்கே வுலி என்று பெயர். மார்ச் நடுவில் தொடங்கி மே வரை நீளும் பெருமழை மசிகா. இரண்டுக்கும் இடையில் ஜனவரியும் பிப்ரவரியும் ஓரளவு வெயிலான மாதங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறட்சி.

வுலி மழை பெரும்பாலும் பிற்பகலில் ஒரு சாத்து சாத்திவிட்டு ஓய்ந்துவிடும். காலைப் பொழுதுகள் தெளிவாகவே கிடைக்கும். மசிகா அப்படியல்ல. ஏப்ரலில் நாள் முழுதும் மூடாக்கு போட்டு அடித்துப் பெய்யும் நாட்களும் உண்டு. சான்சிபாரிலும் ஆண்டின் கனத்த மழை ஏப்ரலில்தான்.

கடலில் காற்றின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கஸ்காசி. தமிழகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றின் மறுமுனை இது. அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாக இந்தக் காற்றைப் பிடித்துத்தான் சான்சிபாருக்கு வந்தன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று குசி. அது குளிர்ச்சியானது, பலமானது. காற்று மாறும்போது தீவின் எந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் என்பதும் மாறும்.

மூன்று அமைதியான காலங்கள்

சீசன் இல்லாத காலம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிக் காலங்கள் இருக்கின்றன. ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கிடைக்காது. தமிழ்த் திருமண மாதங்களோடு பொருத்திப் பார்த்தால் தேர்வு எளிதாகும்.

தை, மாசியில் திருமணம் செய்பவர்களுக்குப் பிப்ரவரியும் மார்ச்சின் முதல் பாதியும் வசதி. செரங்கெட்டியின் தெற்கு விளிம்பில் இருக்கும் என்டுட்டு சமவெளியில் அப்போது வைல்டபீஸ்ட் மான்கள் கன்று ஈனும். பல லட்சம் தாய்மான்கள் சில வாரங்களுக்குள் ஒன்றாக ஈனுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். சிங்கமும் சிவிங்கியும் கழுதைப்புலியும் எத்தனை பிடித்தாலும், ஒரே நேரத்தில் அத்தனை கன்றுகள் பிறப்பதால் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. ஒருசேர ஈனுவதே அந்த இனத்தின் பாதுகாப்பு. பிப்ரவரியில் என்டுட்டுவுக்கு ஆர்வலர்கள் வரத்தான் செய்வார்கள், கூடாரங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மார்ச் பிறந்ததும் கூட்டம் கரைகிறது. கன்றுகள் அப்போதும் அங்கேதான் இருக்கும், சான்சிபாரில் பெருமழையும் தொடங்கியிருக்காது. காடும் கடலும் சமமாக வேண்டும் என்பவர்களுக்கு மார்ச்சின் முதல் பத்து நாட்கள் அருமையான பொருத்தம்.

பங்குனிக் கடைசியிலும் சித்திரை, வைகாசியிலும் திருமணம் என்றால் எதிரே இருப்பது மசிகா. ஆண்டிலேயே குறைந்த வாடகையும் முழுத் தனிமையும் இப்போதுதான். மான் கூட்டங்கள் தெற்குச் சமவெளியை விட்டு நடுச் செரங்கெட்டி வழியாக மேற்கு நோக்கி நீண்ட வரிசைகளாக நடக்கும். காட்டுப்பூக்கள் பூத்திருக்கும், மழை கழுவிய காற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெளிவாகத் தெரியும். ஆனால் சாலை சேறாகும், சில முகாம்கள் மூடியிருக்கும், சான்சிபாரிலும் பல கடற்கரை விடுதிகள் பராமரிப்புக்காகக் கதவடைக்கும். வெயிலில் காயும் கடற்கரை நாட்களை எதிர்பார்த்து ஏப்ரலில் போவது ஏமாற்றத்தில் முடியும். நாளை மாற்ற முடிந்தால் மே கடைசி வாரத்துக்கு நகர்த்துவது நல்லது. மழை தணிந்து, நிலம் பச்சையாக இருந்து, ஜூலைக் கூட்டம் வராத இடைவெளி அது.

ஐப்பசி, கார்த்திகைத் திருமணங்களுக்கு நவம்பரும் டிசம்பரின் முதல் பாதியும். முதல் மழை விழுந்ததும் வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருந்த மான் கூட்டங்கள் கிழக்குச் செரங்கெட்டி வழியாகத் தெற்கே திரும்பத் தொடங்கும். ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசைப் பறவைகள் வந்து சேரும். சான்சிபாரில் இடையிடையே மழை வந்தாலும் வெயில் நேரமே மிகுதி. முதல் முறையாக ஆப்பிரிக்கா செல்லும் தம்பதிக்கு மழையால் கெடுதி குறைந்த, நிதானமான காலம் இது.

புல்வெளியில் எங்கே தங்குவது

செரங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். மாதத்துக்கு ஒரு பகுதி சிறக்கும். முழுவதையும் பார்க்க முயன்றால் பயணத்தின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். மாதத்துக்கு ஏற்ற ஒரு பகுதியைத் தேர்ந்து அங்கேயே மூன்று இரவுகள் தங்குவது நல்லது. பிப்ரவரி, மார்ச்சுக்கு என்டுட்டு. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை நடுவில் இருக்கும் செரோனேராவும் மேற்கே குருமேட்டி ஆற்றுப் பகுதியும். நவம்பரில் செரோனேராவும் கிழக்குச் சமவெளிகளும். செரோனேராவில் ஆண்டு முழுதும் தண்ணீர் இருப்பதால் சிங்கமும் சிறுத்தையும் எந்த மாதத்திலும் அங்கே இருக்கும்.

என்டுட்டு சமவெளியில் மரமே இல்லாமல் குட்டைப் புல் மட்டும் வளர்வதற்குக் காரணம் எரிமலைகள். அருகிலிருக்கும் கெரிமாசி, ஓல் தோய்ன்யோ லெங்காய் ஆகியவை பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொட்டிய சாம்பல் மண்ணுக்கடியில் இறுகிக் கெட்டித்தட்டாகிவிட்டது. மர வேர்கள் அதைத் துளைத்து இறங்க முடிவதில்லை. சாம்பலில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. பால் கொடுக்கும் தாய்மான்களுக்கு வேண்டிய சத்து அந்தப் புல்லில் கிடைப்பதால்தான் ஆண்டுதோறும் அங்கே வந்து ஈனுகின்றன. என்டுட்டுவின் பெரும்பகுதி இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. செரங்கெட்டிப் பூங்காவுக்குள் பொதுவாகச் சாலையை விட்டு வண்டி விலகக் கூடாது, என்டுட்டுவில் புல்வெளிக்குள் இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. விலங்குகளை மிக நெருக்கத்தில் பார்க்க முடிவது இதனால்தான். நெருங்கும் உரிமையோடு பொறுப்பும் வருகிறது. வேட்டையில் இருக்கும் சிவிங்கிக்கும் மானுக்கும் நடுவில் வண்டியை விடச் சொல்லாத பயணியைத்தான் நல்ல வழிகாட்டி மதிப்பார்.

எந்த மாதம் போனாலும் தவறவிடக் கூடாத இடம் இங்கோரோங்கோரோ பள்ளம். உட்கார்ந்துபோன எரிமலையின் வாய் அது. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழம், அடித்தளம் மட்டும் சுமார் 260 சதுர கிலோமீட்டர். உள்ளே நீரும் புல்லும் ஆண்டு முழுதும் இருப்பதால் விலங்குகள் பெரும்பாலும் வெளியே செல்வதில்லை. அரிதான கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்கவும் இங்கே வாய்ப்பு உண்டு. பள்ளத்துக்குள் தங்க அனுமதி இல்லை. விளிம்பிலோ கீழே காராட்டு ஊரிலோ தங்கி, விடிந்ததும் இறங்க வேண்டும். விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மழை மாதங்களில் காலைப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். பெரும்பாலும் கீழே இறங்க இறங்கத் தெளிந்துவிடும்.

டாரங்கிரே பூங்கா யானைகளுக்குப் பெயர்போனது. ராமநாதபுரத்தில் பொந்தன்புளி என்றும் மன்னாரில் பெருக்கமரம் என்றும் அழைக்கப்படும் மரங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. வறண்ட மாதங்களில் டாரங்கிரே ஆற்றைத் தேடி யானைகள் திரளும், மழை பெய்ததும் பூங்காவுக்கு வெளியே பரவிவிடும். ஆகவே நவம்பர் தொடக்கத்தில் டாரங்கிரேவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஏப்ரலில் அந்த நாளைச் செரங்கெட்டிக்குக் கொடுப்பது மேல்.

தெற்கே நியெரெரே, ருவாஹா பூங்காக்களும் அழகானவைதான். ஆனால் பெருமழைக் காலத்தில் அங்கே பாதைகள் மூழ்கிவிடுவதால் பல முகாம்கள் ஏப்ரல், மே மாதங்களில் மூடப்படும். சீசன் இல்லாத காலத்துக்கு வடக்குச் சுற்றே நம்பகமானது.

வண்டி, கூடாரம், வழிகாட்டி

செரங்கெட்டியின் பல பகுதிகள் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்த மறுநாள் வயலில் கால் வைத்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. ஆகவே நான்கு சக்கரங்களும் இழுக்கும் லேண்ட் குரூசர் வண்டியும், அந்தச் சேற்றில் பழகிய ஓட்டுநர் வழிகாட்டியும் மழை மாதங்களில் கட்டாயத் தேவை. வாடகையில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேறு எதில் வேண்டுமானாலும் பிடிக்கலாம், இதில் கூடாது.

தேனிலவுக்குத் தனி வண்டி எடுப்பது நல்லது. பல பேர் சேர்ந்து செல்லும் வண்டியில் ஒருவருக்குப் பறவை வேண்டும், மற்றவருக்குச் சிங்கம் வேண்டும். தனி வண்டியில் இருவரும் விரும்பிய இடத்தில் நிற்கலாம், களைத்தால் திரும்பலாம். சீசனில் எட்டாத விலையில் இருக்கும் இந்த வசதி, சீசன் இல்லாத மாதங்களில் பலருக்கும் கைக்கு எட்டிவிடுகிறது.

தங்குமிடங்கள் மூன்று வகை. கட்டடமாக நிற்கும் லாட்ஜ், நிரந்தரக் கூடார முகாம், மான் கூட்டத்தைத் தொடர்ந்து இடம் மாறும் நடமாடும் முகாம். கனத்த மழையில் லாட்ஜ் சௌகரியம். சிறுமழைக் காலத்துக்குக் கூடார முகாமைத் தேர்வு செய்யலாம். கட்டில், குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் சுவர் துணிதான். இரவில் தொலைவில் சிங்கம் உறுமுவதும் கூடாரத்தின் மேல் மழை விழுவதும் சேர்ந்து கேட்கும் அந்த அனுபவத்துக்காகவே பலர் மீண்டும் மீண்டும் போகிறார்கள். முகாம்களைச் சுற்றி வேலி இருப்பதில்லை. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக் காவலர் துணையோடுதான் நடக்க வேண்டும்.

விடியலில் வெப்பக்காற்று பலூனில் ஏறிப் புல்வெளியின் மேல் மிதப்பது தம்பதியர் பலரும் விரும்பும் ஏற்பாடு. காற்றும் மழையும் அனுமதித்தால்தான் பலூன் கிளம்பும். ஆகவே தங்கும் முதல் காலையிலேயே பதிவு செய்துவிட்டால், அன்று தவறினாலும் மறுநாள் கிடைக்க வாய்ப்பிருக்கும்.

தீவின் எந்தக் கரை

சான்சிபாரில் விடுதியைத் தேர்வதற்கு முன் கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் புரிந்துகொள்வது அவசியம். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி, ப்வெஜு, மடெம்வே ஆகிய ஊர்களில் கரையை ஒட்டி ஆழமில்லாத பவளத்தளம் நெடுந்தூரம் பரவியிருக்கிறது. வற்று நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் விலகி, வெள்ளை மணல்தளம் வெளிப்படும். நீந்த முடியாது. ஆனால் இருவர் கைகோத்துக் கடலுக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்து போகலாம். பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கும் தோட்டங்கள் அங்கே தெரியும். கடல்முள்ளிகள் கால்களைக் குத்தும் என்பதால் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

வட முனையில் நுங்வி, கெண்ட்வா கரைகளில் கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுவதால் பெரும்பாலான நேரம் நீந்தலாம். மேற்கைப் பார்த்த கெண்ட்வாவில் சூரியன் கடலுக்குள் மறைவதைக் கரையிலிருந்தே பார்க்க முடியும். சீசனில் இந்த இரண்டு ஊர்களும் இரைச்சல் மிகுந்தவை, சீசன் இல்லாத மாதங்களில் அடங்கியிருக்கும். நீச்சலே முக்கியம் என்றால் வட முனை, நடையும் அமைதியும் வேண்டும் என்றால் கிழக்குக் கரை என்று முடிவு செய்யலாம். வடகிழக்கே ம்னெம்பா தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் முகமூடி அணிந்து மீன்களைப் பார்க்கலாம். மழைவெள்ளம் கலக்காத பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும்.

மனித நடமாட்டம் இன்னும் குறைவாக வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கே மாஃபியா தீவு இருக்கிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அங்கே திமிங்கிலச் சுறாக்கள் வரும். நவம்பர்ப் பயணத்தோடு நன்றாகச் சேரும்.

கல் நகரில் ஓர் இரவு

விமானத்திலிருந்து இறங்கி நேராகக் கடற்கரைக்கு ஓடாமல் ஓர் இரவையாவது கல் நகரில் கழிக்க வேண்டும். சான்சிபாரின் பழைய நகரமான இது 2000 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஓமான் சுல்தான்கள் ஆண்ட காலத்து வீடுகளும், செதுக்கு வேலை செய்த பெரிய மரக் கதவுகளும் குறுகிய சந்துகளில் நிற்கின்றன. குஜராத்தி வணிகர்கள் கொண்டுவந்த பித்தளைக் குமிழ்களும் அந்தக் கதவுகளில் உண்டு. அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஆங்கிலிக்கப் பேராலயம் எழும்பியிருக்கிறது. அந்தச் சந்தை 1873 இல் மூடப்பட்டது. கடற்கரையின் அழகோடு இந்த வரலாற்றையும் அறிந்து திரும்புவது அந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதை.

மாலையில் ஃபொரோதானி தோட்டத்தில் உணவுக் கடைகள் வரிசையாகத் திறக்கும். சப்பாத்தி, பிலாவு, சம்பூசா, தேங்காய்ப்பால் ஊற்றிய அவரை என்று சாப்பாடு தமிழ் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. புளிப்பும் காரமும் சேர்ந்த உரோஜோ என்ற குழம்பில் உருளைக்கிழங்கும் பஜ்ஜியும் மிதக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தீவில் சிரமம் இல்லை. புல்வெளி முகாம்களுக்குக் காய்கறி தொலைவிலிருந்து வர வேண்டியிருப்பதால், பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். முட்டை, மீன் சாறு பற்றியும் தெளிவாகச் சொல்வது நல்லது.

சான்சிபார் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஊருக்குள் தோளும் முழங்காலும் மறைய உடுத்துவதும், பொது இடத்தில் தம்பதியர் நெருக்கம் காட்டாமல் இருப்பதும் அங்கே எதிர்பார்க்கப்படும் பண்பு. நீச்சல் உடை விடுதிக் கரையோடு நிற்க வேண்டும். ரமலான் மாதத்தில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், தெருவில் சாப்பிடுவதும் குடிப்பதும் தவறாகப் பார்க்கப்படும். 2027 இல் ரமலான் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் முதல் பகுதி வரை வரக்கூடும். தை, மாசித் திருமணக்காரர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. விடுதிகளுக்குள் சாப்பாடு வழக்கம்போல் கிடைக்கும். நோன்பு திறக்கும் மாலை வேளையில் கல் நகரைப் பார்ப்பதும் ஒரு பாக்கியம்.

நாட்களின் வரிசை

முதலில் காடு, பிறகு கடல் என்பதே சரியான வரிசை. சஃபாரி நாட்கள் அதிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கும். குண்டும் குழியுமான பாதை, தூசி, சேறு எல்லாம் உடம்பை அலுக்க வைக்கும். அந்த அலுப்புக்கு மருந்தாகக் கடல் பின்னால் வர வேண்டும்.

பத்து இரவுகள் இருந்தால் பயணம் நிறைவாக இருக்கும். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி அருஷாவில் ஓர் இரவு ஓய்வு. இங்கோரோங்கோரோ விளிம்பிலோ காராட்டுவிலோ ஓர் இரவு, மறுநாள் காலையில் பள்ளம். அங்கிருந்து செரங்கெட்டியிலோ என்டுட்டுவிலோ மூன்று இரவுகள். வழியில் ஆதிமனிதர் எலும்புகள் கிடைத்த ஓல்டுவாய் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கலாம். பிறகு புல்வெளியின் மண் ஓடுதளத்திலிருந்தே சிறு விமானத்தில் ஏறிச் சான்சிபார். கல் நகரில் ஓர் இரவு, கடற்கரையில் நான்கு இரவுகள். ஏழு இரவுகளே இருந்தால் எல்லா இடத்திலும் ஒவ்வோர் இரவைக் குறைக்காமல், சில இடங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

சான்சிபாருக்குப் போகும்போது சாலையைவிட விமானம் மேல். சேற்றுப் பாதையில் அருஷாவுக்குத் திரும்ப ஒரு முழு நாள் கழிந்துவிடும். சர்வதேச விமானம் கிளம்பும் நாளிலேயே உள்நாட்டு விமானத்தைக் கோக்கக் கூடாது. மழையில் மண் ஓடுதளம் நனைந்தால் சிறு விமானம் தாமதமாகும். கடைசி இரவு சான்சிபாரில் இருப்பது இந்தச் சிக்கலையும் தவிர்க்கும்.

செலவு எங்கே குறையும், எங்கே குறையாது

தங்குமிட வாடகைதான் பெரிதாகக் குறையும். நான்கு இரவு தங்கினால் ஓர் இரவு இலவசம், தேனிலவுத் தம்பதிக்குத் தனிச் சலுகை போன்றவை இந்த மாதங்களில் வழக்கம். திருமணச் சான்றிதழின் நகலைக் கேட்கும் விடுதிகளும் உண்டு, கையில் வைத்திருக்க வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் இதே அளவு குறையாது. அது 24 மணி நேரக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், காலை பத்து மணிக்கு நுழைந்தவர் மறுநாள் பத்து மணிக்குள் வெளியேறினால் ஒரு நாள் கட்டணம் மிச்சமாகும். இங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கட்டணம் உண்டு. வழிகாட்டிக்கும் முகாம் ஊழியர்களுக்கும் கடைசி நாளில் அன்பளிப்பு கொடுப்பது அங்கே எழுதப்படாத முறை. சீசன் இல்லாத மாதங்களில் அவர்களுடைய வருமானம் குறைவு என்பதால் அந்தப் பணம் அவர்களுக்குப் பெரிய உதவி.

மிச்சமாகும் பணத்தைத் தனி வண்டிக்கும் உள்நாட்டு விமானத்துக்கும் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். அறையின் ஆடம்பரத்தைவிட இவை இரண்டும்தான் பயணத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆவணமும் உடல்நலமும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தான்சானியா விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். திருமணத்துக்குப் பின் பெயரோ முகவரியோ மாற்றும் எண்ணம் இருந்தால், கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கும்படி பயணம் முடியும் வரை அதைத் தள்ளிப்போடுவது தொல்லையைக் குறைக்கும். சான்சிபாருக்குச் செல்லும் வெளிநாட்டவர் அனைவரும் 2024 அக்டோபர் முதல் அந்தத் தீவு அரசின் பயணக் காப்பீட்டை 44 டாலர் செலுத்தி எடுக்க வேண்டும். ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்தாலும் இது தனி. அது போக, புல்வெளியிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவை ஏற்கும் காப்பீடும் அவசியம்.

இந்தியாவிலிருந்து நேராகச் செல்பவர்களிடம் தான்சானியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பதில்லை. எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் தங்கியோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோ வந்தால் கேட்கும். அந்த நாடுகளில் இருந்துவிட்டு இந்தியா திரும்பும்போதும் இதே கேள்வி எழும். ஆகவே அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வது பாதுகாப்பு. சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட வேண்டும், திருமணப் பரபரப்பில் இது எளிதில் மறந்துபோகும்.

மழை மாதங்களில் கொசு பெருகும், மலேரியா ஆபத்தும் கூடும். தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில மாத்திரைகள் கருத்தரிக்கும் காலத்துக்கு ஏற்றவையல்ல என்பதால் குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, வலை மூன்றும் மாத்திரையைப் போலவே முக்கியம்.

பெட்டியில் என்ன

சிறு விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய கெட்டிப் பெட்டிகளை வீட்டில் விட்டுவிட வேண்டியதுதான். பட்டும் நகையும் தேவையில்லை. சீக்கிரம் காயும் பருத்தி உடைகள், மழைக்கோட்டு, இங்கோரோங்கோரோ குளிருக்கு ஸ்வெட்டர், சேற்றுக்கு ஒரு ஜோடி காலணி போதும். கருநீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள், காக்கியும் மணல் நிறமும் பாதுகாப்பானவை. 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், துணிகளைச் சுற்றிய கவர்களை விமான நிலையத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பூங்காக்களில் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

பைனாகுலர் மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிவிங்கி ஓடி முடித்திருக்கும். இருவரும் ஒரே கணத்தில் ஒரே காட்சியைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறார்கள். அந்தச் சிறு செலவில் சிக்கனம் வேண்டாம்.